கணித மேதை இராமானுஜன்



1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் தமிழ்நாட்டின் ஈரோடு நகரில் சீனிவாச இராமானுஜன் பிறந்தார். அவர் வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கர். தாள் வாங்கப் பொருளின்மையால், இராமானுஜன் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்.

1904ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பைச் சிறப்பாக முடித்து, உதவித்தொகையுடன் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் தேர்வில் தேறவில்லை. பட்டமின்றி வேலை தேடி அலைந்தவர், 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார்.

1913ஆம் ஆண்டு ஜனவரியில், தம் கண்டுபிடிப்புகளை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். அவற்றின் அருமையை உணர்ந்த ஹார்டி அவரை அழைத்தார். 1914ஆம் ஆண்டில் இராமானுஜன் கப்பலேறினார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை நீங்களும் அறிந்துகொள்ளலாம். 12 செம்பனைக் கன்றுகளைச் சமமான வரிசைகளாக நட வேண்டுமாயின் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகையில் நடலாம். 11 கன்றுகளாயின் இரண்டே வகைதான். 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. இவ்வாறு, தன்னிலும் சிறிய எல்லா எண்களையும்விட மிகுதியான வகுஎண்களை உடைய எண்களை இராமானுஜன் தேடித் தொகுத்தார். 1915ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பட்டியலின் இறுதி எண் 6,746,328,388,800 ஆகும். இதற்கு 10,080 வகுஎண்கள் உள்ளன! கணிப்பொறி இல்லாத காலத்தில் கையாலேயே கண்ட எண் இது.

அப்பட்டியலில் 293,318,625,600 என்னும் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அதனை 23ஆல் பெருக்கினால் அவர் கண்ட இறுதி எண்ணே கிடைக்கும், பெருக்கிப் பாருங்கள். மேதையும் ஓரிடத்தில் தவறியதுண்டு. அதனால் அவர் உழைப்பின் பெருமை குன்றவில்லை. அவ்வாராய்ச்சிக்காகவே 1916ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது. செலவைக் குறைப்பதற்காக அன்று அச்சிடாமல் விடப்பட்ட பகுதி, 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1918ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால், நோய் அவரை வாட்டியது. 1919ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் தம் 32ஆம் வயதில் மறைந்தார்.

மாணவர்களே! தேர்வில் ஒருமுறை தவறினால் மனம் தளராதீர். எல்லாப் பாடங்களையும் கருத்துடன் கற்பீர். விடை தவறாயின், அழித்துவிட்டு மீண்டும் முயல்வீர். இராமானுஜனின் கற்பலகை நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.