சனி வேடம் களைந்த சங்கரதாஸ் சுவாமிகள்

அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கினால் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. அந்நான்கினுள் நாடக நடிகர் இல்லை. ஆயினும், அரங்கிற் சனியாகத் தோன்றிய ஒருவரைக் கண்டு மெய்யாகவே அஞ்சி உயிர் நீத்தாள் ஒருத்தி என்று நம் நாடக வரலாறு கூறுகின்றது. அந்த வேடத்தைத் தரித்தவரே பின்னாளில் நாடகத் தலைமையாசிரியர் என்று தமிழுலகம் போற்றிய சங்கரதாஸ் சுவாமிகள்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் வல்ல புலவர். மைந்தருக்கு முதலாசிரியரும் அவரே. பின்னர் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் சங்கரன் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருடைய ஒருசாலை மாணாக்கர். சந்தத்தை மூச்சாகக் கொண்ட ஆசிரியரிடம் பயின்றவர் நாடகப் பாடல்களில் சந்தத்தைப் பொழிந்தது வியப்பன்று. கல்விக்குப்பின் உப்புப் பண்டகசாலையிற் சிறிது காலம் கணக்கெழுதினார். கணக்கு அவரைப் பிடித்து நிறுத்தவில்லை. இருபத்துநான்காம் வயதில், 1891இல், நாடகத் துறை புகுந்தார். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையிற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் அவ்வாண்டே என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க. ஒருவர் கற்றோர் சபைக்கும், மற்றவர் பாமரர் கொட்டகைக்கும் ஒரே வேளையிற் புறப்பட்டனர்.

இளமையில் அவர் புனைந்தவை இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் முதலிய கொடிய வேடங்கள். ஆகிருதியும் குரலும் அவற்றுக்கு இயைந்திருந்தன. வேடம் என்பதை இக்காலத்தார் துணிக்கடை ஆடையென எண்ணிவிடலாகாது. அக்காலத்து மேடையிற் கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் இலேசான மரத்திற் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்யப்பெற்றவை. மேலங்கி வெல்வெட்டுத் துணியால் ஆனது. அதன்மேற் சரிகையும் சமிக்கியும் ஒவ்வொன்றாக ஊசியிற் கோக்கப்படும். முகத்துக்கு அரிதாரமும் முத்துவெள்ளையும்; கரிய வேடமாயின் எண்ணெயிற் குழைத்த மை. விளக்கோ எண்ணெய் விளக்கு அல்லது காஸ் விளக்கு. அந்த அசையும் ஒளியில் ஒரு கண்ணாடித் துண்டு மின்னினால் கொட்டகையின் கடைசி வரிசையும் அதைக் காணும். ஒப்பனை வல்லாரின் கணக்கு அதுதான்.

இதனைப் படித்தறிந்தேன் என்பதினும் கண்டறிந்தேன் என்பதே பொருந்தும். எங்கள் மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு இன்றும் ஏறத்தாழ இம்முறையிலேயே உடுப்புச் செய்கிறார்கள். காமன் பொட்டலிற் தப்பு முழங்க இரதியும் மன்மதனும் வருமுன், லயத்து வாசலிற் பல இரவுகள் ஊசி நூலோடு கழியும். சென்ற ஆண்டு எம் பாடசாலையிற் சாவித்திரி நாடகத்துக்கு எமன் உடுப்பைத் தைத்தபோது, கூத்துக்கு வேடங்கட்டிப் பழகிய மூத்தவர் ஒருவரையே வரவழைத்தேன். மட்டையைக் கூம்பாகச் சுருட்டி, கோதுமை மாப்பசை தடவி, துணி சுற்றி உலரவைத்துப் பின்பே வெல்வெட்டைப் போர்த்த வேண்டும் என்றும், உலருமுன் தைத்தாற் கிரீடம் தலையிற் கோணும் என்றும் அவர் கற்பித்தார். பாசக்கயிறு தும்புக் கயிற்றில் கறுப்புத் துணி சுற்றியது. கதாயுதம் மூங்கிற் கழியின் முனையிற் பொருத்திய தேங்காய்ச் சிரட்டை. மாணவன் ஒருவனுக்குத் தொலைக்காட்சிச் சித்திரப்பட வீரனாக வேடமிட ஆசை. ஜப்பானிய இளைஞர் காஸ்பிளே என்னும் பெயரில் அதனையே பெருங்கலையாகச் செய்கின்றனர் என்று எனக்கு அவனே எடுத்துரைத்தான். ஆசையிற் குற்றமில்லை. மட்டையும் பசையும் ஊசியும் இரண்டுக்கும் ஒன்றே ஆதலின், எமனுடைய தோளணியைத் தைக்க அவனையே வைத்தேன், நன்றாகவே தைத்தான்.

சுவாமிகளின் வரலாற்றுக்கு மீள்வோம். நளதமயந்தி நாடகத்தில் ஓரிரவு அவர் சனீசுவரனாக நடித்தார். நாடகம் முடிந்து வேடத்தைக் கழுவ வைகறையில் நீர்நிலை ஒன்றுக்குச் சென்றார். அங்கு வந்த சலவைத் தொழிலாளிப் பெண்ணொருத்தி, கருவுற்றிருந்தவள், கருமை பூசிய அவ்வுருவை அரையிருளில் திடீரெனக் கண்டு அஞ்சி வீழ்ந்து இறந்தாள். பிறிதோரிடத்திற் சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக முழங்கி வந்ததும், அவையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு நேர்ந்தது. நாடகக் கலைஞரிடையே வழிவழி வந்து, சுவாமிகளைப் பற்றிய நூல்களிலும் இடம்பெற்ற செய்திகள் இவை.

இவற்றை நடிப்பின் வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவோர் பலர். என் மனம் அதற்கு ஒருப்படவில்லை. அவரும் அவ்வாறு கொள்ளவில்லை என்பதே கருதத்தக்கது. வேறொருவராயின், சனியையும் எமனையும் விடுத்து நளனாகவோ சத்தியவானாகவோ வந்திருப்பார். கைதட்டலுக்கும் வருவாய்க்கும் குறைவிருந்திராது. சுவாமிகளோ வேடம் புனைவதையே அறவே கைவிட்டார். தலயாத்திரை மேற்கொண்டார், துறவுக் கோலம் பூண்டார். கஞ்சிராவுக்குக் கச்சேரியில் இடம் தேடித் தந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்று ஆதரித்தார். சுவாமிகளின் பாட்டுக்களிற் காணும் தாளக்கட்டு அந்த வீட்டுக் கொடை.

மீண்டும் நாடக உலகிற்கு அவர் வந்தது ஆசிரியராக. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, சதி அனுசூயா, பிரகலாதன் என நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்கள் அவர் கையிலிருந்து பிறந்தன. அபிமன்யு சுந்தரியை ஓரிரவில் எழுதி முடித்தார் என்பர். முதிர்ந்த நடிகர் ஒழுங்குக்கு அடங்காமை கண்டு சிறுவரைப் பயிற்றத் துணிந்தார். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை எழுந்தது. டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே வந்து சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. பாடம் தவறினாற் சுவாமிகள் பொறுக்கமாட்டார். ஆனாற் கொடிய வேடமிட்டு மக்களை நடுக்கிய அம்மனிதர், பிறர் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார்.

அவர் பாட்டு கடல் கடந்து இங்கும் வந்தது. அவரிடம் பயின்ற எஸ். ஜி. கிட்டப்பா 1926இல் கொழும்பு மேடையில் கே. பி. சுந்தராம்பாளுடன் இணைந்தார். வேலனும் வள்ளியுமாக அவர்கள் எதிரெதிர் நின்று பாடியதைப் பற்றி ஈழத்து இரசிகர் தலைமுறை தலைமுறையாகப் பேசினர்.

அதனைக் காணச் சுவாமிகள் இல்லை. 1921இல் பக்கவாதம் அவரைத் தாக்கியது. பல்லாயிரம் பாட்டுக்களைச் சொல்லித்தந்த நா எழாமற் போயிற்று. அப்போதும் சபையார் அவரைத் தம்முடனேயே ஊர் ஊராக அழைத்துச் சென்றனர். அவ்வாறு புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடலை அடக்கம் செய்தனர்.