நடிகர் ஸ்பென்சர் ட்ரேசி: மகனின் மௌனத்தைச் சுமந்த தந்தை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்திலே, ஓமஹா நகருக்கு அருகில் 'போய்ஸ் டவுன்' என்றோர் இடம் உண்டு. சிறுவர் நகரம் என்பது அதன் பொருள். ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு கத்தோலிக்கக் குருவானவர் உருவாக்கிய இல்லம் அது. அந்த இல்லத்துக்கு 1939இல் ஓர் ஒஸ்கார் சிலை வந்து சேர்ந்தது. திரைப்பட நடிகர் ஒருவருக்கு ஹொலிவூட் வழங்கும் மிக உயர்ந்த பரிசு, அநாதைப் பிள்ளைகளின் வீட்டுக்கு எப்படிப் போயிற்று?

அந்தப் பரிசைப் பெற்றவர் ஸ்பென்சர் ட்ரேசி. அவர் காலத்து நடிகர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். பரிசின் கதையைப் பலர் அறிவர். ஆனால் அந்த நடிகரின் சொந்த வீட்டிலே, காது கேளாத ஒரு குழந்தையைச் சுற்றி நடந்த கதை அதனினும் பெரியது. பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கதை அது.

இளமைக் காலம்

ஸ்பென்சர் ட்ரேசி 1900ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி, விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வோக்கி நகரிலே பிறந்தார். தந்தை ஜோன் ட்ரேசி லொறிகள் விற்கும் தொழில் செய்தவர். ஐரிஷ் வழி வந்த கத்தோலிக்கர். தாய் கரோலின் புரட்டஸ்தாந்து குடும்பத்தவர். கரோல் என்று ஓர் அண்ணனும் இருந்தார்.

சிறுவன் ஸ்பென்சர் அடங்காத பிள்ளை. பாடசாலைகள் மாறிக்கொண்டே இருந்தன. ஊமைப் படங்களிலே திரையில் தோன்றும் எழுத்துக்களை வாசிக்க வேறு வழி இருந்திருந்தால், தாம் பள்ளிக்கூடம் பக்கமே போயிருக்கமாட்டார் என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார். இறுதியில் இயேசு சபையினர் நடத்திய மார்க்கெற் அக்கடமியிலே சேர்ந்தபோதுதான் படிப்பில் ஓரளவு பற்று வந்தது. அங்கிருந்த குருமாரைப் பார்த்துத் தாமும் ஒரு குருவாகலாம் என்று எண்ணியதாகவும் அவர் சொன்னதுண்டு. பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகரான பட் ஓபிரையன் அவருக்கு நண்பரானதும் அந்த மில்வோக்கி நாட்களில்தான்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையிலே சேர்ந்தார். ஆனால் கடலுக்குப் போகாமலே போர் முடிந்துவிட்டது. 1921இல் ரிப்பன் கல்லூரியில் சேர்ந்தார். விவாத அணியிலும் கல்லூரி நாடக மேடையிலும் அவருடைய திறமை வெளிப்பட்டது. விவாத அணியோடு கிழக்குப் பகுதிக்குப் போன சமயத்தில், நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாடகக் கலை அக்கடமியிலே தம்மை நடித்துக் காட்டினார், இடமும் கிடைத்தது. ஓபிரையனும் ஸ்பென்சரும் ஒரே அறையில் தங்கி வறுமையைப் பங்குபோட்டுக்கொண்டு படித்தார்கள். நியூயோர்க்கின் பெரிய மேடையில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம் என்ன தெரியுமா? செக் நாட்டு ஆசிரியர் காரெல் சாப்பெக்கின் நாடகம் ஒன்றிலே, ஒரு வார்த்தையும் பேசாத இயந்திர மனிதன் வேடம்!

கதவு அறைந்த சத்தம்

1923இல், ஊர் ஊராக நாடகம் போடும் ஒரு குழுவிலே லூயிஸ் ட்ரெட்வெல் என்னும் நடிகையைச் சந்தித்தார். அந்தக் குழுவின் முதன்மை நடிகை அவர். அதே ஆண்டு செப்ரெம்பரில் திருமணம் நடந்தது. 1924 யூன் 26ஆம் திகதி மகன் ஜோன் பிறந்தான்.

குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும். ஒருநாள் அது நித்திரையில் கிடக்கையில், லூயிஸின் கைதவறிக் கதவு பலமாக அறைந்து மூடிற்று. குழந்தை அசையவில்லை. தாய்க்கு ஏதோ உறுத்தியது. அருகில் சென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பின்னர் சத்தமிட்டுக் கூப்பிட்டார். குழந்தை கண் விழிக்கவில்லை. கையால் தொட்டதும் விழித்துச் சிரித்தது. அந்தக் கணத்திலே தாய் உண்மையைத் தெரிந்துகொண்டார். வைத்தியர்களும் அதையே சொன்னார்கள். நரம்பு சார்ந்த செவிட்டுத்தன்மை, மருந்தில்லை.

கணவனிடம் இதைச் சொல்ல லூயிஸுக்கு மனம் வரவில்லை. தொழிலும் நிலைக்காத அந்நாட்களில், சில காலம் அந்தப் பாரத்தைத் தனியே சுமந்தார். பின்னர் சொன்னபோது ஸ்பென்சர் நொறுங்கிப் போனார். தமது பாவங்களுக்குத் தண்டனையாகவே பிள்ளை இப்படிப் பிறந்தான் என்ற எண்ணம் அவர் உள்ளத்திலே முள்ளாகத் தைத்தது. குடிப்பழக்கம் அவரிடம் முன்னரே இருந்தது. இந்த வேதனை அதற்கு மேலும் தீனி போட்டது.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் கண்டு, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டதையும், இரண்டுமல்ல என்று ஆண்டவர் மறுத்ததையும் யோவான் நற்செய்தியிலே வாசித்திருக்கிறோம். ஸ்பென்சரும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். ஆனாலும் தமது பிள்ளை என்று வரும்போது அந்த ஆறுதலை ஏற்றுக்கொள்ள அவரால் முடியவில்லை.

தாயோ வேறு வழியில் போனார். தமது மேடை வாழ்வை விட்டுவிட்டு, மகனைப் பேச வைப்பதே தமது வேலை என்று உட்கார்ந்தார். வெளிச்சம் தமது முகத்தில் படும்படி அமர்ந்து, அவன் கண்ணைப் பார்த்து, ஒரே சொல்லை நூறு முறை, ஆயிரம் முறை சொன்னார். உதட்டசைவைப் பார்த்துச் சொல்லை அறிய மகன் மெல்ல மெல்லக் கற்றான். பின்னர் பேசவும் கற்றான்.

மேடையிலிருந்து திரைக்கு

வைத்தியச் செலவும் படிப்புச் செலவும் ஸ்பென்சரைத் துரத்தின. நாடகத் தொழிலையே விட்டுவிடுவோமா என்று எண்ணியிருந்த வேளையில், 1926இல் நாடக உலகின் பெரியவர் ஜோர்ஜ் எம். கோஹன் அவருக்கு ஒரு வேடம் கொடுத்தார். திறமையை மனமாரப் பாராட்டவும் செய்தார். அந்தப் பாராட்டு அவரைத் தொழிலில் நிறுத்தியது. 1930இல் 'தி லாஸ்ற் மைல்' என்ற சிறைச்சாலை நாடகத்திலே, மரண தண்டனைக் கைதிகளின் கலகத்துக்குத் தலைமை தாங்குபவனாக நடித்தார். நியூயோர்க் முழுவதும் அவரைப் பற்றிப் பேசியது. அதைப் பார்த்த இயக்குநர் ஜோன் போர்ட் அவரை ஹொலிவூட்டுக்கு அழைத்தார். அதே ஆண்டில் வெளிவந்த 'அப் த றிவர்' படத்தில், அப்போது பெயர் பெறாதிருந்த ஹம்ப்ரி போகார்ட்டும் அவருடன் நடித்தார்.

பொக்ஸ் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளில் இருபதுக்கு மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவை சாதாரணமானவை. 1932இல் சூசி என்ற மகள் பிறந்தாள். குடியினாலும் மனக்குழப்பத்தினாலும் குடும்பத்திலே விரிசலும் கண்டது. 1935இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு மாறிய பின்னரே அவருடைய நட்சத்திரம் உயர்ந்தது. 1936இல் 'சான் பிரான்சிஸ்கோ' படத்தில் குருவானவராக நடித்து முதன்முறை ஒஸ்கார் பட்டியலில் இடம்பெற்றார். 1937இல் 'கப்டன்ஸ் கரேஜியஸ்' படத்திலே, செல்வச் செருக்கு மிக்க ஒரு சிறுவனை மனிதனாக்கும் போர்த்துக்கேய மீனவனாக நடித்து ஒஸ்கார் பெற்றார். பரிசளிப்பு இரவில் அவர் வைத்தியசாலையில் இருந்தபடியால், அவர் சார்பில் மேடையேறி அதைப் பெற்றவர் மனைவி லூயிஸ்.

பிளனகன் அடிகளாராக

அடுத்த ஆண்டு வந்தது 'போய்ஸ் டவுன்'. வண. பிதா எட்வர்ட் பிளனகன் அயர்லாந்திலே பிறந்தவர். 1917இல் 90 டொலர் கடன் வாங்கி, ஓமஹாவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சில பையன்களோடு தமது பணியைத் தொடங்கினார். இயல்பிலேயே கெட்ட பையன் என்று ஒருவனும் இல்லை என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. 1921இல் நகருக்கு வெளியே ஒரு பண்ணைக்கு இல்லம் இடம்பெயர்ந்து, அதுவே சிறுவர் நகரமாக வளர்ந்தது.

உயிரோடிருக்கும் ஒரு குருவானவரை நடித்துக்காட்டுவது ஸ்பென்சருக்குப் பெரும் கவலையைத் தந்தது. அவருக்குத் தக்கபடி நடித்துவிட வேண்டுமே என்று தவித்தார். படத்தைப் பார்த்தவர்கள் அந்தத் தவிப்பைக் காணவில்லை. பையன்களின் முன்னே நிற்கும் ஒரு தந்தையையே கண்டார்கள். குரலை உயர்த்தாமல், கையை வீசாமல், கேட்பவன் முகத்தைப் பார்த்தபடி பேசும் அவருடைய நடிப்பு நடிப்பாகவே தோன்றவில்லை. மீண்டும் ஒஸ்கார் கிடைத்தது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சிறந்த நடிகருக்கான ஒஸ்காரைப் பெற்ற முதலாமவர் அவரே.

பரிசு பெற்ற மேடையிலே, பெருமையெல்லாம் பிளனகன் அடிகளாருக்கே உரியது என்ற கருத்துப்படப் பேசினார். அந்தச் சிலையை அவர் அடிகளாருக்கு அளிப்பார் என்று படநிறுவனத்தின் விளம்பரப் பிரிவினர் அவரைக் கேட்காமலே அறிவித்துவிட்டதாகச் சொல்வர். உழைத்துப் பெற்றதை விட்டுக்கொடுக்க அவருக்கு முதலில் மனமில்லையாம். பின்னர் ஒரு சிலை சிறுவர் நகரத்துக்குச் சென்றது. வேறொன்று அவருக்குச் செய்து கொடுக்கப்பட்டது. அவரைப் புனிதராகக் காட்ட விரும்புவோர் இந்தப் பகுதியைச் சொல்லாமல் விடுவதுண்டு. நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரும் நம்மைப்போன்ற மனிதரே.

படம் புகழ்பெற்றதும் இன்னொரு வேடிக்கை நடந்தது. சிறுவர் நகரம் இனிப் பணக்கார இடம் என்று மக்கள் நினைத்துக்கொண்டதால் நன்கொடைகள் குறைந்தன! பிளனகன் அடிகளார் தளரவில்லை. போரினால் அநாதைகளான பிள்ளைகளுக்காகப் பிற நாடுகளுக்கும் சென்றார். அப்படிச் சென்ற இடத்தில், 1948இல் பேர்லின் நகரிலே உயிர்நீத்தார். அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணையை ஓமஹா மறைமாவட்டம் 2012இல் ஆரம்பித்தது.

தாய் தொடங்கிய பணி

இனி லூயிஸின் கதைக்கு வருவோம். மகன் வளர்ந்து இளைஞனானான். அவனைப் பேச வைத்த தாயிடம் பிற தாய்மார் வழி கேட்டு வரத் தொடங்கினார்கள். 1942இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளவிலிருந்த ஒரு சிறு வீட்டில், மகனின் பெயரால் 'ஜோன் ட்ரேசி கிளினிக்' தொடங்கியது. அதன் கொள்கை எளியது. காது கேளாத குழந்தைக்கு முதல் ஆசிரியர் அதன் தாயும் தந்தையுமே. ஆகவே முதலில் பெற்றோருக்குக் கற்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. அடுத்த ஆண்டிலேயே தபால் மூலப் பாடநெறி ஆரம்பமாகியது. தூர இடங்களில், வேறு நாடுகளில் இருந்த பெற்றோருக்கும் பாடங்கள் கடிதமாகப் போய்ச் சேர்ந்தன.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? தொடக்க காலத்தில் பெரும்பகுதி ஸ்பென்சரின் உழைப்பிலிருந்தே வந்தது. அவர் மேடையேறிப் பேசவில்லை, பெயர் தேடவில்லை. கொடுத்தார். வோல்ற் டிஸ்னியும் ஆதரவாளர்களுள் ஒருவராக இருந்தார். மகன் ஜோன் ஓவியம் பயின்று, டிஸ்னி நிறுவனத்திலேயே வேலை செய்தார். பிற்காலத்தில் அவருடைய கண்பார்வையும் மங்கியது. ஆயினும் 82 வயதுவரை வாழ்ந்து, 2007இல் காலமானார்.

காது கேளாதோருக்குப் பேச்சுப் பயிற்சி ஒன்றே வழி என்பதல்ல. சைகை மொழியும் இலக்கணமுள்ள முழுமையான மொழியே என்பது இன்று தெளிவு. லூயிஸ் காட்டிய முக்கியமான வழி வேறு: குறையுள்ள பிள்ளையை வீட்டின் பின்னறையிலே மறைக்காதே, அதன் முகத்தைப் பார்த்துப் பேசு என்பதே அது.

இறுதி ஆண்டுகள்

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மற்றொன்றும் உண்டு. 1942இல் வெளிவந்த 'வுமன் ஒவ் த இயர்' படத்தில் கதரின் ஹெப்பேர்ன் என்னும் நடிகையுடன் இணைந்தார். இருவரும் சேர்ந்து நடித்த படங்கள் ஒன்பது. அந்தத் தொடர்பு திரையோடு நிற்கவில்லை. அவர் லூயிஸை மணவிலக்குச் செய்யவில்லை; குடும்பத்தைத் தாங்குவதையும் பிள்ளைகளைக் காண்பதையும் விடவில்லை; ஆனால் அந்த வீட்டிலே கணவனாக வாழவும் இல்லை. இதனால் லூயிஸ் சுமந்த வேதனையைச் சிறிதென்று சொல்ல எவராலும் முடியாது. ஸ்பென்சரின் குற்றவுணர்வும் ஆறவில்லை.

1945இல் 'தி றக்கட் பாத்' நாடகத்தின் மூலம் மீண்டும் நியூயோர்க் மேடைக்கு வந்தார். 81 காட்சிகளுடன் அது முடிந்தது. பின்னர் மேடைக்குத் திரும்பவில்லை. படங்களோ தொடர்ந்தன. 'பாட் டே அட் பிளாக் றொக்' படத்துக்காக 1955இல் கான் விழாவில் சிறந்த நடிகர் பரிசு, 1958இல் 'கிழவனும் கடலும்', 1961இல் 'ஜட்ஜ்மென்ற் அட் நியூரம்பேர்க்' படத்திலே நாசிக் குற்றவாளிகளுக்குத் தீர்ப்பு வழங்கும் நீதிபதி. சிறந்த நடிகர் பட்டியலில் மொத்தம் ஒன்பது முறை இடம்பெற்றார்.

1963இல் மூச்சுத் திணறி விழுந்தார். அதன்பின் உடல்நலம் முழுமையாகத் திரும்பவில்லை. இயக்குநர் ஸ்ரான்லி கிறேமர் 1967இல் வெள்ளையர், கறுப்பர் திருமணம் பற்றிய படத்துக்கு அவரை அழைத்தபோது, காப்புறுதி நிறுவனம் அவருக்குப் பொறுப்பேற்க மறுத்தது. கிறேமரும் ஹெப்பேர்னும் தங்கள் சம்பளத்தையே ஈடாக வைத்தார்கள். நாளுக்குச் சில மணிநேரம் மட்டுமே நடித்து, படத்தை முடித்துக் கொடுத்தார். அதன்பின் மூன்று வாரங்கள்கூட வாழவில்லை. 1967 யூன் 10ஆம் திகதி அதிகாலையில் இதயம் நின்றது. ஹொலிவூட்டிலுள்ள மரியாயின் மாசற்ற இருதய ஆலயத்தில் இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. லூயிஸும் பிள்ளைகளும் முன்னே இருந்தனர். அந்தக் குடும்பத்தின் மனம் நோகக்கூடாதென்று ஹெப்பேர்ன் ஆலயத்துக்கு வரவில்லை. லூயிஸ் 1983இல் காலமானார். அவர் தொடங்கிய நிலையம் அவருக்குப் பின்னும் பிள்ளைகளுக்குப் பணி செய்கிறது.

வாசகர்களே, ஸ்பென்சர் ட்ரேசியை முன்மாதிரி என்று உங்கள் முன் நிறுத்த நாம் முயலவில்லை. திரையில் எத்தனையோ பையன்களுக்கு நம்பிக்கை ஊட்டிய அவர், தமக்கு மன்னிப்பு உண்டென்று நம்பத் தயங்கினார். தந்தை தண்டனையென்று எண்ணிக் கலங்கிய அதே பிள்ளையை, தாய் தமக்குத் தரப்பட்ட வேலையாக எடுத்துக்கொண்டார். அந்தத் தாயின் உறுதியோடு தந்தையின் பணமும் சேர்ந்தபோது, எண்ணற்ற வீடுகளில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளோடு பேசக் கற்றார்கள். நம் பங்குகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். யார் செய்த பாவமோ என்று அயலார் முணுமுணுக்கும் வழக்கமும் இன்னும் போகவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அப்படியொரு பிள்ளையைக் கண்டால், விலகிப் போகாதீர்கள். அதன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.