நெஞ்சொலி கேட்ட லென்னெக்

பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில், கடலை அடுத்துப் பிரிட்டனி என்னும் நிலப்பகுதி உள்ளது. அங்கே கெம்ப்பேர் என்னும் ஊரில் 1781 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17 ஆம் நாள் ரெனே லென்னெக் பிறந்தார். அவருடைய ஐந்தாம் வயதில் அன்னையார் மறைந்தார். வழக்கறிஞராகிய தந்தையார் பிள்ளைகளைப் பேணி வளர்க்கும் இயல்பினர் அல்லர். ஆகவே, நாந்து நகரில் மருத்துவராக விளங்கிய தந்தையின் உடன்பிறந்தார் இல்லத்தில் லென்னெக் வளர்ந்தார். மருத்துவக் கலையில் அவருக்கு நாட்டம் பிறந்ததும் அங்கேதான்.

1801 இல் அவர் பாரிசு நகரை அடைந்து, நெப்போலியனின் மருத்துவராகிய கார்விசாரிடம் பயின்றார். அக்காலத்தில் காசநோய் ஐரோப்பிய நகரங்களில் எண்ணற்றோரை மாய்த்து வந்தது. அந்நோயால் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தால், நுரையீரலில் பெரிதும் சிறிதுமாகக் குழிகள் காணப்படும். லென்னெக்கின் நண்பர் பேல் என்பார் 900 உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1810 இல் இந்நோய் பற்றி நூல் எழுதினார். ஆயினும் 1816 இல் அந்நோய்க்கே அவரும் இரையானார். இறந்தபின் கண்ணுக்குப் புலனாகும் குழியை, உயிரோடு இருப்பவரின் நெஞ்சில் கண்டறிவது எவ்வாறு? மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு நோயறியும் முறையைக் கார்விசார் தம் மாணாக்கருக்குக் கற்பித்திருந்தார். மதுப் பீப்பாயைத் தட்டி, உள்ளே மது எவ்வளவு உள்ளது என்று அறிவது போன்றது அது. ஆனால் பருத்த உடலினரிடம் அம்முறை பயன்படவில்லை.

1816 இல் பாரிசிலுள்ள நெக்கர் மருத்துவமனையில் லென்னெக் பணியேற்றார். நெஞ்சுநோயுற்ற இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். உடல் பருமனால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. மார்பில் நேரே செவியை வைத்துக் கேட்பதோ முறையன்று. மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால், மறுமுனையில் செவி வைத்தவருக்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும் என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்தது. உடனே தாள்களை இறுகச் சுருட்டிக் குழலாக்கினார்; ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். முன்னினும் தெளிவாக இதயத்துடிப்பு கேட்டது! புல்லாங்குழல் வாசிப்பதிலும் மரம் கடைவதிலும் வல்லவராகையால், பின்னர்த் தாமே மரத்தால் குழல்கள் கடைந்துகொண்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் முதல் வடிவம்.

குழலைக் கண்டதினும் அரியது, அதன்வழிக் கேட்ட ஒலிகளுக்குப் பொருள் கண்டதாகும். சிலரைப் பேசச் சொல்லி மார்பின் மேற்பகுதியில் குழலை வைத்தபோது, அவர்கள் குரல் வாயிலிருந்து வாராமல் நெஞ்சைத் துளைத்துக்கொண்டு குழலின் வழியே நேரே வருவதுபோல் ஒலித்தது. இதற்கு நெஞ்சுப் பேச்சு என்னும் பொருள்படப் பெயரிட்டார். அத்தகையோர் இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தார். குரல் ஒலித்த இடத்தில் குழி இருந்தது. காசநோய்க் கட்டிகள் இளகி, இருமலோடு வெளியேறிவிட, அவ்விடம் வெற்றிடமாகிவிடுகிறது என்று தெளிந்தார்.

எனினும் அவர் அவ்வளவில் அமையவில்லை. எல்லாக் குழிகளும் காசநோயின் விளைவுகள் அல்லவே! நுரையீரல் தசை அழுகுவதாலும் குழி உண்டாகும்; அப்போது மூச்சிலும் கோழையிலும் தாங்கொணா நாற்றம் வீசும். மூச்சுக் கிளைக்குழல்கள் விரிந்துபோனாலும் குழியிலிருந்து வருவது போன்ற ஒலியே கேட்கும். அந்நோயை முதன்முதல் விளக்கிக் கூறியவர் லென்னெக்கே. நுரையீரலைச் சூழ்ந்து நீர் கோத்திருந்தால், குரல் ஆடு கத்துவது போல் நடுங்கும். செவி கேட்டதைப் பிணவறையில் கண்ணால் சரிபார்த்த பின்னரே எதையும் அவர் எழுதினார். 1819 இல் அவருடைய பெருநூல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இன்று மருத்துவர்கள் கதிர்ப்படத்தில் குழியைக் காண்கின்றனர்; கோழையை ஆராய்ந்து காசக்கிருமியா, பூஞ்சையா, பிறிதொன்றா என்று தெளிகின்றனர்; புற்றுநோயோ என்றும் ஆராய்கின்றனர். குழி இருப்பது வேறு, அதன் காரணம் வேறு என்னும் பாகுபாட்டை அன்றே அவர் போற்றினார்.

அத்தகைய பேரறிஞரும் ஒன்றில் தவறினார். காசநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதை அவர் ஏற்கவில்லை. நோயுற்ற எலும்பை அறுத்தபோது வாள் பட்டு அவர் விரலில் காயமுண்டாயிற்று. அவ்விடத்தில் சிறு கட்டியும் தோன்றியது. அதனைச் சுட்டு ஆற்றிக்கொண்டு, பின்னர்த் தமக்குத் தீங்கொன்றும் நேரவில்லை என்றே கருதினார். காசநோய்க்குக் கிருமியே காரணம் என்று செருமானிய அறிஞர் கோக் மெய்ப்பித்தது 1882 இல்தான்.

நோயாளிகளிடையே உழைத்த லென்னெக்கின் உடல் நாளடைவில் நலிந்தது. ஒருமுறை பிரிட்டனிக்குச் சென்று உடல் தேறி மீண்டார். மீண்டும் இருமலும் காய்ச்சலும் பற்றின. அந்நிலையிலும் தம் நூலைத் திருத்தி, 1826 இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். மருத்துவராகிய மெரியாதெக் என்னும் உறவினரை அழைத்துத் தம் மார்பில் குழலை வைத்துக் கேட்கச் செய்தார். அவர் கேட்டவற்றைக் கேட்டபடியே உரைத்தார். அவற்றின் பொருளை லென்னெக்குக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 13 ஆம் நாள், பிரிட்டனியிலுள்ள கெர்லுவார்னெக் என்னும் தம் இல்லத்தில், 45 ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார். தாம் விட்டுச் சென்றவற்றுள் சிறந்ததாக அவர் கருதிய நெஞ்சுக் குழல், அவர் விருப்பப்படி மெரியாதெக்கைச் சேர்ந்தது.