செஞ்சியில் கைதான இளவரசர்: காம் பக்ஷுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

சக்கரவர்த்தி மகன் மேலேயே ஒழுங்கு நடவடிக்கையா? ஆமா, நம்ம செஞ்சியில் நடந்திருக்கு.

காம் பக்ஷ் (1667-1709), ஔரங்கசீப்பின் கடைசி மகன். மராட்டிய மன்னர் ராஜாராம் தஞ்சம் புகுந்திருந்த செஞ்சிக் கோட்டையை 1690 முதல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு, அடுத்த ஆண்டு அவரும் அனுப்பப்பட்டார். பெயருக்குத்தான் இளவரசர், படையை நடத்தியது தளபதி சுல்ஃபிகர் கான். அவரோடும், அவருடைய அப்பா வஜீர் ஆசாத் கானோடும் காம் பக்ஷுக்கு ஒத்தே போகல. ஔரங்கசீப் இறந்துட்டார்னு வதந்தி கிளம்பிய நேரம், கோட்டையைப் பிடிக்க வந்தவரே உள்ளே இருந்த ராஜாராமோடு ரகசியமா பேச்சு நடத்தினார். விஷயம் கசிஞ்சது. 1692-93 குளிர்காலத்தில், அப்பாவும் மகனுமாகச் சேர்ந்து இளவரசரைக் கைது செய்தார்கள்.

சக்கரவர்த்தி முன் நிறுத்தப்பட்டபோது அக்கா ஜீனத்-உன்-நிசா பரிந்து பேச, மன்னிப்பு கிடைச்சது. சாதாரண சிப்பாயாக இருந்திருந்தால் தலை தப்பியிருக்காது. 1707-ல் பீஜப்பூர் சுபேதார் பதவிகூட வந்தது. ஃபைல் மூடியாச்சுன்னுதான் தோணும். ஆனா மன்னிச்சது அப்பா மட்டும்தான்.

அதே ஆண்டு ஔரங்கசீப் இறந்ததும், காம் பக்ஷ் தன்னையே பேரரசராக அறிவிச்சுக்கிட்டார். அண்ணன் பகதூர் ஷா படையோடு தெற்கே வந்தார். 1709 ஜனவரியில் ஹைதராபாத் அருகே போர். அண்ணன் பக்கம் நின்ற தளபதிகளில் ஒருவர், செஞ்சிப் பகை ஆறாத சுல்ஃபிகர் கான். படுகாயத்தோடு பிடிபட்ட காம் பக்ஷ், அந்தக் காயத்திலேயே இறந்தார்.