ஏடு தேடிய பட்டதாரி: சி. வை. தாமோதரம்பிள்ளை

தமிழ் நூற்பதிப்பு வரலாற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டு தனியிடம் பெறுவது. 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர் தடையின்றி அச்சுக்கூடம் நிறுவும் உரிமை பெற்றனர். அதன்பின் சென்னையில் அச்சுக்கூடங்கள் பெருகின. எனினும் அவற்றில் அச்சேறியவை பெரும்பாலும் பள்ளிக்கூட நூல்கள், நீதிநூல்கள், புராணங்கள், கதைப்பாடல்கள் ஆகியனவே. பேரிலக்கணங்களும் சான்றோர் செய்யுட்களும் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் ஏட்டுச் சுவடிகளாகவே கிடந்தன.

அவற்றை அச்சேற்றுவதற்கு வேண்டிய கல்வி அந்நாளில் எந்தக் கழகத்திலும் கற்பிக்கப்படவில்லை. ஆசிரியரிடம் பாடங்கேட்ட புலவர் இலக்கணம் அறிந்தவர். அச்சுத் தொழிலின் வரவு செலவு அறியாதவர். ஆங்கிலக் கல்வி பெற்றவர் அரசுப் பணியை நாடியவர், ஏட்டைத் தொடாதவர். இவ்விரு கல்வியையும் ஒருங்கே பெற்று, பல்கலைக்கழகப் பட்டத்தையும் பதவி ஊதியத்தையும் ஏட்டுச் சுவடிகளுக்கு ஈடுவைத்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை.

இளமையும் கல்வியும்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னும் ஊரில் 1832ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பெயரின் முன்னுள்ள இரண்டு எழுத்துகளும் ஊரையும் தந்தையையும் குறிப்பன. தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே பெற்றார். பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார்.

தமிழ்க் கல்வி இவ்வாறு மரபு வழியில் நடக்க, ஆங்கிலக் கல்வி அமெரிக்க மிஷன் பள்ளிகளில் அமைந்தது. தெல்லிப்பழையில் பயின்றபின் வட்டுக்கோட்டைக் குருமடத்தில் சேர்ந்தார். 1823இல் தொடங்கப்பெற்ற அக்கல்விநிலையம் ஆங்கிலம், கணிதம், வானியல், அறிவியல் ஆகியவற்றோடு தமிழையும் கற்பித்தது. 1844 முதல் 1852 வரை பிள்ளை அங்கே மாணவராக இருந்தார். கல்வி முடிந்தவுடன் கோப்பாய் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். அப்பணியில் இருந்த காலத்திலேயே குமரகுருபரரின் நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே கடந்திருந்தது. பதிப்புப் பணியில் அவர் வைத்த முதலடி அது.

சென்னையும் பட்டமும்

யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிச் சென்னைக்குப் பெயர்ந்திருந்த பேர்சிவல் பாதிரியார் தினவர்த்தமானி என்னும் இதழை நடத்தி வந்தார். அவரது அழைப்பை ஏற்று அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை வகிக்கப் பிள்ளை கடல் கடந்து சென்னை வந்தார். செய்தியைத் திரட்டுதல், சொல்லைச் செப்பனிடுதல், படி திருத்துதல், குறித்த நாளில் இதழை வெளிக்கொணர்தல் ஆகிய தொழில் நுட்பங்கள் அங்கே அவருக்குப் பழக்கமாயின. மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணியும் வாய்த்தது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதன் முதற் பி.ஏ. தேர்வில் தேறியவர் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் தாமோதரம்பிள்ளை. மற்றவர் அவருக்கு வட்டுக்கோட்டையில் ஆசிரியராக இருந்த கறோல் விசுவநாதபிள்ளை. ஆசிரியரும் மாணவரும் ஒரே தேர்வில் அமர்ந்து ஒருங்கே பட்டம் பெற்ற செய்தி இன்றும் வியப்புடன் பேசப்படுகிறது.

அந்நாளில் பி.ஏ. பட்டம் உயர்பதவிக்குத் திறவுகோல். பிள்ளையும் அவ்வழியே சென்றார். கள்ளிக்கோட்டை அரசினர் பள்ளியில் சிலகாலம் ஆசிரியராக இருந்தபின், சென்னை அரசாங்கக் கணக்குத் துறையில் அமர்ந்து படிப்படியாக உயர்ந்தார். பணியில் இருந்துகொண்டே சட்டம் பயின்று 1871இல் பி.எல். பட்டமும் பெற்றார். வெளிப்பார்வைக்கு இது பதவியில் முன்னேறிய ஒருவரது வாழ்க்கை. அதன் உள்ளே வேறொரு வாழ்க்கை வளர்ந்துகொண்டிருந்தது.

நாவலர் காட்டிய வழி

ஏட்டுச் சுவடிகளைப் பிழையற அச்சிடுவதற்கு அக்காலத்தே முன்மாதிரியாக விளங்கியவர் ஆறுமுக நாவலர். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தபோது, சுவடிகளைப் பரிசோதித்துத் திருத்தியவர் நாவலர், பதிப்பித்தவர் பிள்ளை. ஒரு படியோடு மற்றொரு படியை ஒப்பிடும் முறையையும், ஐயத்துக்குரிய இடத்தில் விரையாமல் நிற்கும் பொறுமையையும் அப்பணியில் அவர் அருகிருந்து கண்டார்.

1879இல் நாவலர் மறைந்தார். பெருநூல்களைத் திருத்தி அச்சிடும் பொறுப்பு அதன்பின் யாரைச் சாரும் என்னும் வினா எழுந்தது. பிள்ளைக்கு அப்போது நாற்பத்தேழு வயது. உயர்ந்த பதவி இருந்தது, ஓய்வும் நெருங்கியது. இரண்டே ஆண்டுகளில், 1881இல், வீரசோழியத்தைப் பெருந்தேவனார் உரையுடன் பதிப்பித்தார். துணைநின்று திருத்தித்தர ஒருவர் இல்லாத நிலையில் தாமே பொறுப்பேற்ற பெரும்பதிப்பு அது. 1882இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1883இல் தணிகைப் புராணமும் இறையனார் அகப்பொருளும் வெளிவந்தன.

வீரசோழியம் புத்த சமயத்தவரான புத்தமித்திரர் இயற்றிய இலக்கணம். பின்னாளில் 1889இல் அவர் வெளியிட்ட சூளாமணி சமண காவியம். பிள்ளையோ சைவ மகத்துவம் என்னும் நூலை எழுதிய சைவப்பற்றாளர். பிறசமய நூல்களைத் தொடுதலும் தகாது என்று புலவர் பலர் எண்ணிய காலத்தில், தமிழ்நூல் என்னும் ஒரே தகுதி கண்டு அவற்றைக் காத்தது அவரது நடுநிலைக்குச் சான்று.

சுவடியும் பதிப்பாசிரியரும்

அச்சு நூலைக் கையிலெடுத்துப் படிப்போர்க்குச் சுவடியின் இடர்ப்பாடு எளிதில் புலப்படாது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேற்றுமையின்றி ஒரே வடிவில் நிற்கும். காலும் ரகரமும் தம்முள் மயங்கும். சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. நூற்பா எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது, உரைக்குள் வரும் மேற்கோள் எத்துணையது என்பவற்றைப் படிப்பவரே உய்த்துணர வேண்டும். எழுதுவோர் தம் அறியாமையாற் செய்த பிழைகள் படிக்குப் படி பெருகியிருக்கும். இவற்றுக்கும் மேலாக, செல்லரித்தும் ஓரம் முறிந்தும் இடையே ஏடு சிதைந்தும் கிடக்கும் குறையும் உண்டு.

இத்தகைய படிகளைப் பல ஊர்களிலிருந்து தேடிப்பெறுதல் முதற்பணி. அவற்றை ஒப்பிட்டுப் பொருந்தும் பாடத்தைத் தெரிதல் இரண்டாவது. அச்சுக்கூலிக்கும் தாளுக்கும் பொருள் தேடுதல் மூன்றாவது. சாட்சிகள் முரண்படும்போது எதனை ஏற்பது என்று சீர்தூக்கக் கற்பிப்பது சட்டக்கல்வி. ஓர் எண்ணும் தவறாமல் ஒத்துப் பார்க்கப் பழக்குவது கணக்குத்துறை. பிழைப்புக்காகக் கற்ற இவ்விரண்டும், முத்துக்குமாரக் கவிராயரிடம் கேட்ட இலக்கணத்தோடு சேர்ந்து, அவரைப் பதிப்பாசிரியராக ஆக்கின எனல் பொருந்தும்.

பொருளதிகாரம்

இறையனார் அகப்பொருள் உரையில் ஒரு வரலாறு கூறப்படுகிறது. பாண்டிய நாட்டில் பன்னீராண்டு வற்கடம் நீங்கியபின், நாட்டைவிட்டுப் போயிருந்த புலவரை அரசன் வருவிக்கின்றான். எழுத்தும் சொல்லும் வல்லார் கிடைக்கின்றனர். பொருளதிகாரம் வல்லார் கிடைக்கவில்லை. பொருளில்லையேல் ஏனைய இரண்டாலும் பயனென்ன என்று அரசன் கவல்கின்றான்.

அவ்வுரையைப் பதிப்பித்த பிள்ளையின் காலத்திலும் நிலைமை ஏறக்குறைய அதுவே. எழுத்ததிகாரம் 1840களிலேயே மழவை மகாலிங்கையரால் நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியிருந்தது. சொல்லதிகாரமும் வெளிவந்துவிட்டது. பொருளதிகாரத்தை முறையாகப் பாடஞ்சொல்வார் அரியர். முழுச் சுவடியும் அரிது. கிடைத்த சுவடிகளோ தொட்டால் ஒடிவன. ஐயமறத் தெளிந்தபின்னரே அச்சிடுவது என்று காத்திருப்பின், தெளிவதற்குள் நூலே அழிந்துபோகலாம். குறையுள்ள படிகளைக் கொண்டு அச்சிடின், பிழைகள் பதிப்பாசிரியர் பெயரால் நிலைத்துவிடும். கற்றோர் பழிப்புக்கும் இடமாகும்.

பிள்ளை இரண்டாவதையே துணிந்தார். தமது பெயருக்கு வரும் இழுக்கு, நூலுக்கு வரும் அழிவினும் சிறிது என்பது அவர் கொள்கை. அச்சில் நின்ற பிழையைப் பின்வருவோர் திருத்தலாம். அழிந்த ஏட்டைத் திருத்துவார் இல்லை. இக்கருத்தைப் பதிப்புரைகளில் அவர் உருக்கமாக எடுத்துரைத்துள்ளார். 1885இல் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரை என்னும் பெயருடன் வெளிவந்தது. அகத்திணை, புறத்திணை மரபுகளைச் சொல்லும் அப்பெருநூல் தமிழ் கற்போர் கையில் பரவலாகக் கிடைத்தது அதன்பின்னரே.

கும்பகோணமும் கலித்தொகையும்

ஓய்வு பெற்றபின் பிள்ளை கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தார். அவ்வூர்க் கல்லூரியில் உ. வே. சாமிநாதையர் தமிழாசிரியர். அப்போது ஐயர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். நூல் எதனையும் பெரிதாகப் பதிப்பித்து அனுபவம் பெறாத நிலை. சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கும் விருப்பத்தைத் தெரிவித்து, ஐயர் திருத்தி வைத்திருந்த படியைப் பிள்ளை கேட்டார். நெடுநாள் உழைப்பைக் கைவிட மனமின்றி ஐயர் மறுத்துவிட்டார். இச்செய்தியை ஐயரே தம் சரித்திரத்தில் விரிவாக எழுதியுள்ளார்.

மூத்த பதிப்பாசிரியரின் ஆர்வமும், இளைய ஆசிரியரின் உறுதியும் எதிர்நின்ற நேரம் அது. மறுப்பினால் பகை விளையவில்லை. இருவரும் தத்தம் நூலில் முனைந்தனர். 1887ஆம் ஆண்டு தமிழுக்கு இரண்டு நூல்களைத் தந்தது. ஐயரின் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் வெளிவந்தது. பிள்ளையின் கலித்தொகையும் அவ்வுரையாசிரியர் உரையுடனேயே வெளிவந்தது.

எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது கலித்தொகை. கடவுள் வாழ்த்து உட்பட நூற்றைம்பது பாடல்கள் கொண்ட அந்நூல், சங்கச் செய்யுள் என்பது புலவர் வாய்ப்பெயராக மட்டும் நின்ற நிலையை மாற்றியது. 1894இல் ஐயர் வெளியிட்ட புறநானூறும், அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த ஏனைத் தொகைகளும் அதன்பின் எழுந்தவை. கலிப்பாவின் துள்ளலோசையையும், அகப்பொருளில் அமைந்த நாடகப் பாங்கையும் இன்றைய கவிஞர் எளிதில் பயில முடிவது இப்பதிப்பு இட்ட வழியாலேயே.

பிற்காலம்

அவ்வாண்டிலேயே புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதிப் பதவி கிடைத்தது. வழக்குத் தீர்ப்பும் சுவடி ஆய்வும் அருகருகே நடந்தன. 1889இல் திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கமும் சூளாமணியும் வந்தன. 1891இல் எழுத்ததிகாரத்தையும், 1892இல் சொல்லதிகாரத்தையும் நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களையும் அச்சில் நிறுத்திய பெருமை இவ்வாறு அவரைச் சேர்ந்தது. இடையே மாணவர்க்கு வாசகப் புத்தகமும், கட்டளைக் கலித்துறை, சூளாமணி வசனம் முதலிய நூல்களும் எழுதினார். பிறந்த நாட்டையும் மறந்தாரல்லர். ஏழாலையில் தமிழ்ப் பள்ளி ஒன்றை நிறுவினார்.

1895இல் அரசு அவருக்கு இராவ் பகதூர் பட்டம் வழங்கியது. 1901ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், சென்னைப் புரசைவாக்கத்தில் உயிர்நீத்தார்.

பிழையும் திருத்தமும்

அவர் மறைந்து இரண்டாண்டு நிறைவதற்குள், 1902இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ் இதழ் தொடங்கப்பெற்றது. அவ்விதழில் ரா. இராகவையங்கார் பொருளதிகார உரையை ஆராய்ந்தார். 1885ஆம் ஆண்டுப் பதிப்பில் நச்சினார்க்கினியர் பெயரால் அமைந்த உரையுள், பின்னான்கு இயல்களாகிய மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகியவற்றின் உரை பேராசிரியருடையது என்று நிறுவினார். பின்னர், செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் தனியே கிடைக்க, அதனை 1917இல் அவரே பதிப்பித்தார்.

பிள்ளையின் பதிப்பில் இருந்த பெரும் பிழை இதுவே என்னலாம். அவர் அஞ்சியதும் எதிர்பார்த்ததும் இதுவே. பேராசிரியர் உரை பெயர் மாறியேனும் அச்சில் நின்றமையால், ஆராய்வோர் கண்ணில் பட்டு உரியவர் பெயரைப் பெற்றது. சுவடியிலேயே கிடந்திருப்பின் பிழையும் இராது, திருத்தமும் இராது, உரையும் இல்லாது போயிருக்கக் கூடும்.

பிற்காலத்துப் பதிப்புகள் பிள்ளையின் பதிப்புகளைப் பாடத்தாலும் அமைப்பாலும் விஞ்சின. அடிக்குறிப்பு, பாடபேத விளக்கம், அகராதி ஆகியவற்றால் ஐயர் பதிப்புகள் புதிய அளவுகோலை நாட்டின. ஆயினும் விஞ்சுவதற்கு ஒரு பதிப்பு முன்னே இருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் முதற்பட்டத்தைப் பெற்றவர், பட்டம் கற்பிக்காத ஒரு தொழிலைத் தாமே கற்று, குறைகாணப்படுவோம் என்று அறிந்தே அம்முன்பதிப்பைத் தமிழுக்குத் தந்தார். தொல்காப்பியமும் கலித்தொகையும் பயிலப்படும் இடமெல்லாம் அத்துணிவின் பயன் துய்க்கப்படுகிறது.