விண்ணுக்குக் கண் சமைத்த வைணு பாப்பு

குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மாசி, பங்குனி இரவுகளில் களத்துமேட்டில் படுத்துறங்கியோர்க்கு வானம் புதியதன்று. விளக்கொளி அருகிய அச்சமவெளியில் விண்மீன்கள் கைக்கெட்டும் தொலைவில் தொங்குவனபோல் தோன்றும். கார்த்திகைக் கூட்டத்தைக் கண்டு பொழுதறிந்தும், விடிவெள்ளியைக் கண்டு ஏர் பூட்டியும் வாழ்ந்தோர் நம் முன்னோர். வானநூல் வல்லாரைக் கணியர் என அழைத்துப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும் அந்தக் கணியர் மரபின் புதுக்கிளையொன்று, நாம் படுத்துக் கிடந்த களத்துமேட்டிற்குத் தென்மேற்கே, இதே மாவட்டத்து மலையுச்சியில், ஒரு வானாய்வுக்கூடத்தின் கொல்லைப்புறத்தில் தழைத்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கோடைக்கானலைப் படகுக்கும் பேரிக்காய்க்கும் உரிய ஊராகவே எண்ணிப் பழகிவிட்டோம். அங்கே கையால் சமைக்கப்பெற்ற ஒரு தொலைநோக்கியையும், அதனைச் சமைப்பித்த மனிதரையும் பற்றியது இக்கட்டுரை.

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். குடும்பம் மலபாரைச் சேர்ந்தது. வளர்ந்த ஊரோ ஐதராபாத்து. தந்தையார் அங்குள்ள நிசாமியா வானாய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். அக்கூடம் எழுந்த கதை தனியே எழுதத்தக்கது. நவாப் ஜாபர் ஜங் என்னும் ஐதராபாத்துப் பெருமகனார், பட்டம் பதவி கருதாது, விண்மீன்பால் கொண்ட காதல் ஒன்றே காரணமாக, கிரப் நிறுவனத்தார் செய்த 15 அங்குல வில்லைத் தொலைநோக்கியைத் தம் சொந்தப் பொருளால் வாங்கினார். 1901இல் தம் நிலத்திலேயே ஆய்வுக்கூடம் கண்டார். நிசாமின் பெயரைச் சூட்டவும், தமக்குப்பின் அரசே ஏற்று நடத்தவும் அவர் வேண்டிக்கொண்டார். 1907இல் அவர் மறைந்தபின் அவ்வாறே நடந்தது. பின்னாளில் அது உசுமானியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. செல்வர் ஒருவரின் பொழுதுபோக்கு ஒரு நாட்டின் கல்விச் செல்வமாயிற்று. அந்நிழலில்தான் சிறுவன் பாப்பு வளர்ந்தான். மற்றப் பிள்ளைகள் பட்டம் விட்ட வயதில் அவன் தொலைநோக்கிக் குழாயின் அடியில் நின்று வானத்தை நோக்கினான்.

நிசாம் கல்லூரியில் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் முதுகலைப் பட்டம் பெறுமுன்னரே, ஒளி மாறும் விண்மீன்களைப் பற்றிய அவருடைய குறிப்புகள் அச்சேறிவிட்டன. பிறகு ஐதராபாத்து அரசின் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம் புகுந்தார். 1949 சூலையில் ஓர் இரவு எடுத்த ஒளிப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்று பதிந்திருக்கக் கண்டார். பார்ட் பாக், கார்டன் நியூகர்க் என்னும் இருவர் பெயரோடு பாப்புவின் பெயரும் இணைந்து அவ்வால்மீனுக்கு வழங்குகிறது. வந்து சில திங்களே ஆன மாணவருக்கு விண்ணில் பெயர் வாய்த்தது. அதற்காகப் பசிபிக் வானியல் கழகத்தின் பதக்கமும் கிடைத்தது.

முனைவர் பட்டத்திற்குப்பின் கார்னகி ஆய்வுநல்கை பெற்று, அக்காலத்தில் உலகிலேயே பெரிதாயிருந்த பலோமார் மலையின் 200 அங்குல ஆடித் தொலைநோக்கியருகே சென்றார். ஆங்கு ஒலின் வில்சன் என்பாரோடு சேர்ந்து அவர் கண்டதே அவருக்குப் புகழ் தந்தது. குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியத்திற்குரிய கருங்கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தோன்றும். அக்கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அம்மீன் உண்மையிலேயே பேரொளி உடையது. அகலத்தை அளந்தால் உண்மை ஒளி தெரியும். உண்மை ஒளியையும் நம் கண்ணுக்குத் தோன்றும் ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு தெரியும். 1957இல் வெளிவந்த இவ்வுண்மையை வில்சன்–பாப்பு விளைவு என உலகம் வழங்குகிறது.

இத்துணைப் புகழுடையார் அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 1953இல் தாயகம் திரும்பினார். உத்தரப் பிரதேச அரசு அப்போது தொடங்கிய வானாய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்று, அதனைக் காசியின் தூசியிலிருந்து நைனித்தாலின் தூய மலைக்காற்றுக்குக் கொண்டுசென்றார். 1960இல், முப்பத்து மூன்றாம் அகவையில், கோடைக்கானல் வானாய்வுக்கூடத்தின் இயக்குநரானார்.

அன்றைய கோடைக்கானல் நிலையை ஈண்டு உரைத்தல் வேண்டும். 1786இல் வில்லியம் பெட்ரி என்பார் சென்னை எழும்பூரில் தம் தோட்டவீட்டில் வைத்த தனியார் ஆய்வுக்கூடமே இதன் மூதாதை. 1899இல் அது கோடை மலைக்கு வந்தது. ஞாயிற்றை ஆராய்வதில் அதற்கு நிகர் சிலவே. ஞாயிற்றுப் புள்ளிகளில் வளிமம் புறநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்செட் அங்கேதான் கண்டார். ஆனால் அது பகலின் கூடம். இரவு வானத்தை ஆராயப் பெருங்கருவி ஏதும் அங்கில்லை. இருந்தாலும், ஏறக்குறைய 2,340 மீட்டர் உயரத்து மலைமுகட்டில் மேகமும் மூடுபனியும் விண்மீன்களைக் காட்டுவதும் மறைப்பதுமாக விளையாடும். ஞாயிற்றை விடுத்து விண்மீன்களை நாட விரும்பிய இயக்குநருக்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஒன்று, தெளிந்த வானமுடைய வேறிடம். மற்றொன்று, பெரிய ஆடி.

இடத்தைத் தேடிப் பல மலைகளைச் சோதித்தார். இறுதியில் சவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தார். உயரம் 725 மீட்டர்தான். எனினும் நகர விளக்குகள் நெருங்காத காடு. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பன்னிரண்டரைப் பாகையளவில் அமைந்திருத்தலின், வடவானோடு தென்வானின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். பெரிய தொலைநோக்கிகள் பலவும் வடபால் நாடுகளில் இருந்த அக்காலத்தில், இது எளிய நன்மையன்று.

ஆடியின் கதை வேறு. அயல்நாட்டுச் செலாவணி அரிதாயிருந்த அறுபதுகளில் பெரிய கருவிக்கு ஆணை கொடுப்பது எளிதன்று. கொடுத்தாலும் அது வந்துசேரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். அதுவரை கைகட்டி இருக்கப் பாப்புவால் இயலவில்லை. எனவே கோடைக்கானல் கூடத்தின் கொல்லைப்புறத்திலேயே 38 சென்டிமீட்டர் ஆடித் தொலைநோக்கி ஒன்று உருவாயிற்று.

38 சென்டிமீட்டர் என்பது பதினைந்து அங்குலம். நவாப் ஜாபர் ஜங் விலைகொடுத்து வாங்கிய வில்லையின் அளவும் அதுவே. இளமையில் அண்ணாந்து பார்த்த அளவைத் தம் பட்டறையில் செய்வித்தது தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ அதைத் தற்செயல் என்று விட்டுவிட மனமில்லை.

ஆடி செய்வது எத்தகைய தொழில் என்பதை அறியாதார்க்கு இச்செயலின் அருமை விளங்காது. வில்லைக்குள் ஒளி ஊடுருவிச் செல்லவேண்டும். ஆதலின் அதனை விளிம்பில் மட்டுமே தாங்கமுடியும். அளவு பெருகினால் தன் எடையாலேயே அது தொய்யும். 1897இல் அமெரிக்காவின் எர்க்கிசில் வைத்த 40 அங்குல வில்லையோடு அவ்வழி ஏறத்தாழ அடைபட்டது. ஆடியோ ஒளியைத் திருப்பி அனுப்புவது. முதுகுப்புறம் முழுவதும் தாங்கலாம். ஆகவே பெருங்கருவிகள் யாவும் ஆடியையே நாடின. செய்யும் முறையைச் சொன்னால் வியப்பாயிருக்கும். ஒத்த அளவுடைய இரு தடித்த கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே கார்போரண்டத் தூளும் நீரும் இட்டு, மேல்வட்டினை முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தபடியே மேசையைச் சுற்றி நடந்துவர வேண்டும். நம் வீடுகளில் அம்மியில் அரைப்பது போன்றதே. தேயத் தேய மேல்வட்டு குழியும்; கீழ்வட்டு குவியும். தூளை மேன்மேலும் நுண்ணியதாக மாற்றிக்கொண்டே போகவேண்டும். பின்னர்க் கீழ்வட்டின்மீது கீல் பூசி, செந்தூளோ சீரியம் ஆக்சைடோ இட்டு மெருகேற்றுவர்.

இவ்வளவும் பொறுமை ஒன்றால் முடிந்துவிடும். இனிமேல்தான் கலை. உருண்டையின் பகுதிபோல் குழிந்த ஆடி, தொலைமீனின் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்காது. அதனைப் பரவளைவாக்க வேண்டும். பரவளைவு ஆடி கதிர்களை ஒரு புள்ளியில் குவிப்பதை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்னு அல்கைதம் தனிநூலில் ஆராய்ந்திருக்கிறார். ஏட்டில் எளிது, கண்ணாடியில் கடினம். இத்துணைப் பெரிய ஆடியிலும் உருண்டைக்கும் பரவளைவுக்கும் உள்ள வேறுபாடு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே. எஞ்சும் பிழையோ பல்லாயிரத்தில் ஒரு பங்கிற்குள் அடங்கவேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டாலே கண்ணாடி அதற்குமேல் புடைத்துவிடும். ஆறும்வரை காத்திருந்தே அளக்கவேண்டும். அளக்கும் கருவியும் எளிதே: ஒரு சிறு விளக்கொளி, ஒரு கத்தி விளிம்பு. பிரான்சின் பூக்கோ கண்ட சோதனை அது. ஆடியிலிருந்து திரும்பிக் குவியும் ஒளியைக் கத்தியால் வெட்டினால், மேடு பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். நிழலைப் படிக்கத் தெரிந்தவர் ஆடியை அறிவார். கூடுதலாகத் தேய்த்துவிட்டால் ஒட்டவைக்க வழியில்லை. மீண்டும் பின்னோக்கிச் சென்று தொடங்கவேண்டும்.

இத்தொழிலின் முன்னோடி இசைவாணர் வில்லியம் எர்செல். இங்கிலாந்தின் பாத்து நகரில் தம் வீட்டையே உலைக்கூடமாக்கிச் செம்பும் வெள்ளீயமும் உருக்கி ஆடி வார்த்தவர் அவர். மெருகேற்றும்போது கையெடுக்க இயலாத நிலையில் தங்கை கரோலின் உணவை ஊட்டிவிட்டதாக வரலாறு. 1781 மார்ச்சு 13இல் யுரேனசைக் கண்டது அவ்வாறு கையால் செய்த கருவியே. பாப்பு அவ்வழி வந்தவர். ஆனால் எர்செலுக்கு இல்லாத சுமை ஒன்று இவருக்கு இருந்தது. தமக்கு மட்டும் ஒரு கருவி போதாது. ஒரு நாட்டுக்கே கருவிசெய்யும் கைகளைப் பழக்கியாக வேண்டும். தொலைநோக்கியை வாங்கலாம்; பழகிய கைகளை எந்நாட்டுக் கடையிலும் வாங்கவியலாது. கோடைக்கானல் கொல்லையில் அவர் போட்ட விதை அதுவே என்பது என் துணிபு.

1968இல் அந்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி காவலூர்க் காட்டில் வானத்தை நோக்கித் திரும்பிற்று. இருளில் விரிந்த மனிதக் கண்மணியைவிட ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு ஒளியை அது திரட்டியது. விண்மீன் ஒளியளவும் நிறமாலையும் அதனால் ஆராயப்பெற்றன. 1972இல் செருமனியின் கார்ல் சைசு நிறுவனத்து ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு வந்தது. 1977 மார்ச்சு 10இல் யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரில் அதனை நோக்கியிருந்தோர் விண்மீனொளி எதிர்பாராமல் மங்கக் கண்டனர். அமெரிக்கர் வானூர்தியிலிருந்து கண்டறிந்த யுரேனசு வளையங்களின் தடயமே அது. எர்செல் கண்ட கோளின் வளையம், பாப்பு கண்ட காட்டிலிருந்தும் தென்பட்டது.

இதனிடையே 1971இல் கோடைக்கானல் கூடம் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் என்னும் தன்னாட்சி அமைப்பாக மாறியது. தலைமையகம் பெங்களூருக்குச் சென்றது. பாப்புவின் உள்ளத்தில் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது 2.34 மீட்டர் ஆடி. கண்ணாடி வட்டு செருமனியிலிருந்து வந்தது. வரைவும் வேலையும் நம்முடையவை. பெங்களூர் ஆய்வுக்கூடத்தில் ஏ.பி.ஜெயராஜன் தலைமையில் அதனைத் தேய்த்து மெருகேற்றினர். இரும்புத் தாங்கியை வால்சந்த் நகர்த் தொழிலகம் செய்தது. அயல்நாட்டிலிருந்து முழுக்கருவியாகவே தருவிக்கலாமே என்று கேட்போர்க்கு, கொல்லைப்புறத் தொலைநோக்கி ஏற்கெனவே விடையளித்திருந்தது. அதனினும் ஏறத்தாழ முப்பத்தெட்டு மடங்கு ஒளிதிரட்டும் கருவி இது.

1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் பாப்புவைத் தலைவராகத் தேர்ந்தது. 1981இல் பத்மபூசண் விருது வந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கிரேக்க நாட்டுப் பாத்ராசு நகரில் ஒன்றியத்தின் பேரவை கூடியபோது தலைவரின் இருக்கை வெறுமையாயிருந்தது. இதய அறுவை மருத்துவத்திற்காக மியூனிக்கு நகரில் இருந்த அவர், 1982 ஆகஸ்டு 19இல், பேரவை நடந்துகொண்டிருந்த நாளிலேயே மறைந்தார். ஐம்பத்தைந்தாம் அகவை நிறைந்து ஒன்பது நாள்களே ஆகியிருந்தன. பெரிய ஆடியின் வழியே ஒரு விண்மீனையேனும் அவர் கண்டாரில்லை.

அவர் பழக்கிய கைகள் வேலையை நிறுத்தவில்லை. 1986 சனவரி 6ஆம் நாள் அன்றைய தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி காவலூர் வந்து அத்தொலைநோக்கியைத் தொடங்கிவைத்தார். கருவிக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்றது. கோடைக்கானலை உள்ளடக்கிய நம் திண்டுக்கல் மாவட்டம் மதுரையினின்று பிரிந்து அப்போது நான்கு திங்களும் நிரம்பவில்லை. எழுபத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஏலி வால்மீன் அந்நாள்களில் மாலை மேற்கு வானில் நின்றிருந்தது.