பிராங்க்ளின் கல்வி பயின்ற விதம்

பள்ளிப் படிப்பு இடையில் நின்றுபோனதால் இனித் தமக்கு உயர்வில்லை என்று மனஞ்சோர்ந்திருக்கும் வாலிபர் பலர். கலாசாலையில் பல வருஷங்கள் பயின்றும், ஒரு விஷயத்தைப் பிறர் விளங்கிக்கொள்ளும்படி எழுதத் தெரியாமல் தவிப்போர் அவர்களினும் பலர். இவ்விரு சாராரும் பெஞ்சமின் பிராங்க்ளினின் இளம்பிராயத்தை ஊன்றிக் கவனித்தல் நன்று. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைத் தயாரிக்க 1776-ல் நியமிக்கப்பெற்ற ஐவரில் அவர் ஒருவர். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்பதை உலகறியச் செய்தவரும் அவரே. அத்தகையவர் பள்ளியில் இருந்த காலமோ சுமார் இரண்டே வருஷம்.

அவர் 1706-ஆம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். தகப்பனார் மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து ஜீவித்தவர். மக்கள் பதினேழு பேர். எட்டாவது வயதில் பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுவன், பத்தாவது வயதில் நிறுத்தப்பட்டு, வர்த்திக்குத் திரி கத்தரிக்கும் வேலையில் அமர்த்தப்பட்டான். பள்ளியில் கணக்கு அவனுக்கு வரவேயில்லை. பன்னிரண்டாவது வயதில், தமையனார் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தான்.

அங்கேதான் அவருடைய உண்மையான கல்வி ஆரம்பமாயிற்று. புத்தகக் கடைகளில் தொழில் பழகிய பையன்களைச் சிநேகம் செய்துகொண்டு, மாலையில் ஒரு புத்தகத்தை இரவல் பெறுவார். இரவெல்லாம் கண்விழித்துப் படித்து, அழுக்குப்படாமல் காலையில் திருப்பிக் கொடுப்பார். பதினாறாவது வயதில் புலாலுணவை விலக்கினார். தமது சாப்பாட்டுக்குத் தமையனார் செலவிட்டுவந்த தொகையில் பாதியைத் தம் கையில் கொடுத்தால் போதுமென்று ஏற்பாடு செய்துகொண்டு, அதிலும் பாதியை மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்கினார். மற்றவர்கள் உணவருந்தச் சென்ற வேளையில், ஒரு துண்டு ரொட்டியும் தண்ணீரும் கொண்டு பசியாறி, எஞ்சிய நேரத்தைப் படிப்பில் கழித்தார். பள்ளியில் தோற்ற கணக்கையும் அவ்விதமே தாமாகக் கற்றுத் தேறினார்.

எழுத்தில் அவர் முயற்சி எடுத்த வரலாறு இதனினும் சுவையானது. பெண்களுக்குக் கல்வி அளிப்பது தகுமா என்பது பற்றி அவருக்கும் காலின்ஸ் என்ற நண்பருக்கும் விவாதம் மூண்டது. பிராங்க்ளின் பெண் கல்வியை ஆதரித்தார். நேரில் முடிவுறாத விவாதம் கடிதங்களில் தொடர்ந்தது. தற்செயலாக அவற்றைக் கண்ட தகப்பனார், விவாதத்தில் தலையிடாமல் நடையை மட்டும் பரிசீலித்தார். எழுத்துப் பிழையின்மையில் மகன் சிறந்தவன்; அழகிலும் ஒழுங்கிலும் தெளிவிலும் நண்பனே மேலானவன் என்று உதாரணங்களுடன் எடுத்துக் காட்டினார். மகன் சினங்கொள்ளவில்லை. குற்றம் உண்மையென உணர்ந்து, அதைப் போக்கும் வழியைத் தேடினான்.

அடிஸனும் ஸ்டீலும் நடத்திய ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் தொகுதி ஒன்று அச்சமயம் அவர் கைக்கு வந்தது. அதிலுள்ள கட்டுரை ஒன்றைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொள்வார். சில தினங்கள் சென்றபின், மூலத்தைப் பாராமல், குறிப்புக்களைக் கொண்டே கட்டுரை முழுவதையும் தம் சொற்களில் எழுதுவார். பிறகு இரண்டையும் ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். சொல் வளம் குறைவென்று கண்டு, வசனத்தைச் செய்யுளாக்கினார். அது மறந்தபின் செய்யுளை மீண்டும் வசனமாக்கினார். சில வேளைகளில் குறிப்புக்களை வேண்டுமென்றே கலைத்துவிட்டுச் சில வாரங்கள் கழித்து வரிசைப்படுத்துவார். விஷயத்தை ஒழுங்குபடுத்தும் சக்தி இப்பயிற்சியால் அவருக்குக் கைவந்தது. சிற்சில இடங்களில் மூலத்தையே தாம் மிஞ்சிவிட்டதாகத் தோன்றியபோது ஊக்கமும் பெற்றார். இவ்வளவும் வேலைக்கு முன்னரும் பின்னரும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிடைத்த அவகாசத்தில் நடந்தவை.

பலன் விரைவிலேயே தெரிந்தது. 1722-ல், விதவை ஒருத்தியின் பெயரைப் புனைந்துகொண்டு எழுதிய கட்டுரையை இரவில் அச்சுக்கூடக் கதவடியில் நுழைத்துவைத்தார். எழுதியவர் இன்னாரென்றறியாமல் தமையனாரும் நண்பர்களும் மெச்சிப் பிரசுரித்தனர். இவ்வாறு பதினான்கு கட்டுரைகள் வெளிவந்தன. அப்போது ஆசிரியருக்கு வயது பதினாறு.

கற்றவன் கர்வங்கொண்டால் மேலும் கற்க இயலாது என்பதையும் அவர் அறிந்துகொண்டார். நிச்சயம், சந்தேகமில்லை என்பன போன்ற சொற்களை நீக்கி, தமக்கு இவ்வாறு தோன்றுகிறது என்று அடக்கமாகச் சொல்லப் பழகினார். 1727-ல் பிலடெல்பியாவில் நண்பர் கழகம் ஒன்றை நிறுவினார். வெள்ளிக்கிழமைதோறும் அங்கத்தினர் கூடி விவாதிப்பர்; மூன்று மாதத்திற்கொருமுறை ஒவ்வொருவரும் கட்டுரை எழுதி வாசிக்கவேண்டும். அக்கழகத்திலிருந்தே 1731-ல் சந்தா நூல்நிலையம் பிறந்தது. இரவல் புத்தகத்திற்கு ஏங்கிய சிறுவன் ஊராருக்கெல்லாம் புத்தகம் கிடைக்கும்படி செய்தார்.

அவரிடமும் குறைகள் இருந்தன. நாளின் ஒவ்வொரு மணிக்கும் வேலை வகுத்து அட்டவணை எழுதிய அவர், ஒழுங்கு என்னும் குணம் தமக்கு இறுதிவரை கைகூடவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதனினும் பெரிய குறை, அடிமைகளை வைத்திருந்தது. ஆயினும் எழுதியதைத் திருத்தப் பழகியவர் தம் எண்ணத்தையும் திருத்திக்கொண்டார். 1790 பிப்ரவரியில், அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையொப்பமிட்டுக் காங்கிரஸுக்கு அனுப்பினார். மார்ச்சில் அம்முறையைப் பரிகசித்துப் பத்திரிகையில் எழுதினார். ஏப்ரல் 17-ந் தேதி காலமானார். பதினாறு வயதில் பயின்ற எழுத்து, எண்பத்து நான்காம் வயதிலும் அநீதியை எதிர்க்க அவருக்குப் பயன்பட்டது.